குளியலறை உலோகத்துக்கு எது பாதுகாப்பு: பாண்டிங்கா, ஆர்.சி.சி.பி.யா, பிளாஸ்டிக் குழாயா, 12 வோல்ட்டா?

குளியலறையைப் புதுப்பிக்கும் வீடுகளில் இந்தக் குழப்பம் தவறாமல் வரும். குழாய், ஷவர், டவல் ராடு எல்லாவற்றையும் எர்த்தோடு இணைத்தே ஆக வேண்டும் (இதைத்தான் பாண்டிங் என்பார்கள்) என்பார் எலக்ட்ரீஷியன். உள்ளே ஓடுவது பிளாஸ்டிக் பைப், எதற்கு வீண் வேலை என்பார் பிளம்பர். மின்கசிவு வந்தால் சப்ளையை வெட்டும் ஆர்.சி.சி.பி. இருந்தால் போதும், மற்றதெல்லாம் பழைய காலத்துப் பழக்கம் என்று இன்னொருவர் சொல்வார். மூவரும் வேறுவேறு கோளாறை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். உங்கள் வீட்டில் எந்தக் கோளாறு வர வாய்ப்பிருக்கிறது என்று தெரிந்தால்தான் யார் சொல்வதை எடுத்துக்கொள்வது என்று தீர்மானிக்க முடியும். கீழே வரும் கணக்குகள் எல்லாம் 230 வோல்ட்டுக்கு.

## எதை வைத்து ஒப்பிடுவது

நனைந்த உடம்பின் மின்தடையைத் தோராயமாக 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 230 வோல்ட் நேராகப் பாய்ந்தால் 230 மில்லியாம்பியர். 10 மில்லியாம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30 மில்லியாம்பியருக்கு மேல் சில வினாடிகள் நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. ஆக, உயிரைக் காப்பாற்ற இரண்டே வழி: உடம்பின் குறுக்கே வரும் வோல்ட்டேஜைக் குறைக்க வேண்டும், அல்லது அது நீடிக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். முதல் கேள்வி, ஒவ்வொரு ஏற்பாடும் இந்த இரண்டில் எதைச் செய்கிறது என்பது.

அடுத்தது, வீட்டின் எர்த் கெட்டுப்போயிருந்தாலும் அது வேலை செய்யுமா? மூன்றாவது, உங்கள் வயரிங்கில் பிறக்காமல் வெளியிலிருந்து குழாய் வழியாக வரும் வோல்ட்டேஜை அது சமாளிக்குமா? நான்காவதைப் பலரும் கேட்பதே இல்லை: அந்தப் பாதுகாப்பே பழுதானால் உங்களுக்குத் தெரியுமா, சத்தமில்லாமல் செத்துக் கிடக்குமா? செலவும் சுவர் உடைப்பும் இவற்றுக்குப் பிறகுதான்.

## கிளாம்ப் வாங்கும் முன் ஓர் அளவு

உலோகம் என்பதற்காகவே ஒன்றை எர்த்தோடு இணைக்கக் கூடாது. மண்ணுக்குள் ஓடிவரும் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு) பூமியின் வோல்ட்டேஜை அறைக்குள் கொண்டுவருகிறது. டைல்ஸில் இரண்டு ஸ்குரூவில் நிற்கும் டவல் ராடு எதையும் கொண்டுவருவதில்லை. அது தனித்துக் கிடக்கும் உலோகத் துண்டு. ஒரு கையில் பழுதான ஹேர் டிரையர், மறு கை டவல் ராடில். ராடு தனித்திருந்தால் அந்தக் கை வழியாக மின்சாரம் போக இடமில்லை. அதே ராடை யாராவது எர்த்தோடு இணைத்திருந்தால் நெஞ்சின் குறுக்கே முழுப்பாதை தயார். எல்லாவற்றையும் கட்டிவிடு என்ற அறிவுரையில் இருக்கும் ஓட்டை இதுதான்.

எது எந்த வகை என்று கண்ணால் சொல்ல முடியாது. அளந்தால் தெரியும்:

1. மெயினை அணைத்து, கீசருக்குப் போகும் வயரை எர்த் வயரோடு சேர்த்துக் கழற்ற வேண்டும். கழற்றாமல் அளந்தால் குழாய் கீசரின் உடம்பு வழியாக எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு "குழாய் நன்றாக எர்த் ஆகியிருக்கிறது" என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.
2. குழாயில் தண்ணீர் நிறைந்திருக்கட்டும்.
3. மெயின் எர்த் டெர்மினலுக்கும் (வீட்டின் எர்த் வயர்கள் வந்து சேரும் இடம்) குழாயின் உலோகத்துக்கும் நடுவே 500 வோல்ட் மெகரால் (அதிக வோல்ட்டேஜில் மின்தடையை அளக்கும் கருவி) அளக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் குழாயைத் தொடக் கூடாது.
4. 22,000 ஓமுக்கு மேல் இருந்தால் விட்டுவிடலாம். அதற்குக் கீழே என்றால் அது வெளியிலிருந்து வோல்ட்டேஜ் கொண்டுவரக்கூடிய உலோகம். பாண்டிங் பட்டியலில் சேரும்.

22,000 எங்கிருந்து வந்தது? உடம்பில் 10 மில்லியாம்பியருக்கு மேல் போகக் கூடாது என்றால் மொத்தத் தடை 23,000 ஓம் வேண்டும்; அதில் உடம்பின் 1000 ஓமைக் கழித்தால் மிச்சம் இவ்வளவு. ஈரச் சுவருக்குள் போகும் பைப் காய்ந்த நாளில் ஓர் அளவும் மழை நாளில் வேறோர் அளவும் காட்டும். எல்லைக்குப் பக்கத்தில் வந்தால் பாண்டிங் தேவை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய எர்த்தை மறுபடி மாட்டியதை இன்னொரு முறை பார்த்துவிட்டு மெயினைப் போடுங்கள்.

## 1. ஆர்.சி.சி.பி.

ஃபேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதான் இதன் ஒரே வேலை. வித்தியாசம் 30 மில்லியாம்பியரை எட்டினால் 300 மில்லி வினாடிக்குள்ளும், அதன் ஐந்து மடங்கு என்றால் 40 மில்லி வினாடிக்குள்ளும் வெட்ட வேண்டும். ஷாக்கின் அளவை இது குறைக்காது, நேரத்தைத்தான் குறைக்கும். தொட்ட கணத்தில் உதறல் இருக்கத்தான் செய்யும்.

மண்ணில் அடித்த எர்த் ராடை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளில் இது இல்லாமல் முடியாது. ராடின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கீசருக்குள் ஃபேஸ் அதன் உலோக உடம்பைத் தொட்டால் ஓடுவது 230 / 50 = 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. (ஓவர்லோடிலும் ஷார்ட்டிலும் வெட்டும் பிரேக்கர்) அதைச் சாதாரண லோடு என்று நினைத்துக்கொண்டு நாள் முழுக்க விட்டுவைக்கும். கீசரின் உடம்பு 230 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். ஆர்.சி.சி.பி. அதே 50 ஓமில், கீசரின் உடம்பு ஒன்றரை வோல்ட்டைத் தொடுவதற்குள் வெட்டும் நிலைக்கு வந்துவிடும்.

எர்த்தே இல்லாத வீட்டிலும் இது வேலை செய்யும், ஆனால் யாராவது தொட்ட பிறகுதான். எர்த் இருந்தால் கோளாறு வந்த நிமிஷமே வெட்டும். இல்லாவிட்டால் முதல் பாதையே மனித உடம்பு.

இது பார்க்காதவையும் உண்டு. ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் போனது திரும்பிவிடுகிறது, இதற்கு ஒன்றும் தெரியாது. வெளியிலிருந்து பைப் வழியாகவோ எர்த் வயர் வழியாகவோ வரும் வோல்ட்டேஜ் இதன் வழியே போவதில்லை, அதனால் அதையும் பார்க்காது. ஓவர்லோடும் தெரியாது, எம்.சி.பி. தனியாக வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ. வாங்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு காரணம் புரியாத ட்ரிப். கீசர் எலிமெண்டின் உறைக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பல மாதம் சும்மா கிடந்தால் ஈரத்தை உறிஞ்சும். திரும்பப் போட்ட அன்று லீக்கேஜ் ஏறும். வீடு முழுக்க ஒரே ஆர்.சி.சி.பி. என்றால் கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின், எல்.இ.டி. எல்லாவற்றின் சிறுசிறு லீக்கேஜும் கூடி நிற்கும். வழக்கமாக நிற்கும் லீக்கேஜ் 9 மில்லியாம்பியரைத் தாண்டாமல் சர்க்யூட்டுகளைப் பிரிப்பது நல்லது. குளியலறைக்கென்று தனி ஆர்.சி.பி.ஓ. போடுவதே என் தேர்வு: கீசர் கெட்டால் ஃபிரிஜ் அணையாது. இது முக்கியம், ஏனென்றால் தொல்லை தாங்காமல் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடியாக வயரை இணைத்துவிடும் வீடுகள் இருக்கின்றன.

வாங்கும்போது ஏ.சி. வகையைத் தவிர்த்து ஏ வகை கேளுங்கள். எலக்ட்ரானிக் பாகமுள்ள கருவிகள் துடிப்பான டி.சி. லீக்கேஜை உண்டாக்கும், ஏ.சி. வகை அதைக் கண்டுகொள்ளும் என்ற உறுதியில்லை. டெஸ்ட் பட்டன் பற்றியும் ஒன்று. அது ஒரு ரெசிஸ்டர் வழியாக ஃபேஸையும் நியூட்ரலையும் கருவிக்குள்ளேயே இணைத்துப் பார்க்கிறது. எர்த் வயர் அறுந்து கிடந்தாலும் பட்டனை அழுத்தினால் ட்ரிப் ஆகும். ஆகவே மாதா மாதம் அழுத்திப் பார்ப்பது கருவிக்கான சோதனை, எர்த்துக்கு அல்ல.

## 2. கூடுதல் பாண்டிங்

கீசரின் எர்த், உலோகத் தண்ணீர் பைப், உலோக வடிகால், இவற்றைப் பச்சை-மஞ்சள் வயரால் ஒன்றோடொன்று இணைப்பதுதான் இது. சப்ளையை இது வெட்டாது. கோளாறு நேரத்தில் கைக்கு எட்டும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே பெரிய வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்ளும்.

கீசரில் ஷார்ட் ஆகும்போது, ஃபேஸ் வயரும் எர்த் வயரும் ஒரே தடிமன் என்றால், எம்.சி.பி. வெட்டும்வரை கீசரின் உடம்பு சுமார் 115 வோல்ட்டில் நிற்கும். பக்கத்திலிருக்கும் பைப் பூஜ்யத்தில் இருந்தால் நடுவில் இருப்பவர் உடம்பில் அந்த 115. பாண்டிங் இருந்தால் பைப்பும் கூடவே ஏறும். வித்தியாசம் சில வோல்ட்டாகச் சுருங்கும்.

வயர் அளவு: அடிபடாதபடி குழாய்க்குள் போனால் 2.5 சதுர மி.மீ., வெளியே தெரிய ஓடினால் 4 சதுர மி.மீ. செம்பு. இணைத்த இரண்டு உலோகங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய அதிகபட்சத் தடை, 50 வோல்ட்டைப் பிரேக்கர் உடனே வெட்டும் மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது. பி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. ஐந்து மடங்கில் உடனே வெட்டும், அதற்கு 50 / 80 = 0.625 ஓம். பத்து மடங்கில் வெட்டும் சி வகை 20 ஆம்பியருக்கு 50 / 200 = 0.25 ஓம். 4 சதுர மி.மீ. செம்பு வயர் மூன்று மீட்டருக்கு 0.014 ஓம்தான் வரும். எனவே வயரால் பிரச்சினை வராது, இணைப்பால்தான் வரும்.

கிளாம்புக்கு அடியில் பெயின்ட், துரு, பிளாஸ்டர் இருந்தால் அது வெறும் அலங்காரம். பளபளவென்று சுரண்டிவிட்டு, பைப் அளவுக்குச் சரியான கிளாம்பைப் போட வேண்டும். ஜி.ஐ. பைப்பில் செம்புப் பட்டையை நேராகச் சுற்றினால் ஈரத்தில் பைப் அரிக்கும். கிளாம்பைப் பூசி மூடாதீர்கள். சிங்க்குக்கு அடியிலோ திறக்கக்கூடிய பெட்டிக்குள்ளோ கைக்கு எட்டட்டும். குழாய்த் தலையில் கிளாம்ப் போடுவதும் வீண். குரோம் பூசிய குழாய்களில் பல உள்ளே பிளாஸ்டிக். காந்தம் வைத்துப் பார்த்து முடிவுசெய்யவும் முடியாது, பித்தளை நல்ல உலோகம், ஆனால் காந்தத்தில் ஒட்டாது. மரையில் சுற்றும் டெஃப்லான் டேப் மின் இணைப்பைத் துண்டித்துவிடும் என்றும் துண்டிக்காது என்றும் வாதாடுவார்கள். பெரும்பாலும் மரை டேப்பைக் கிழித்து உலோகத்தைத் தொட்டுவிடும். அளந்து பார்த்து முடிவெடுங்கள். சாதாரண மல்டிமீட்டரின் புரோப் வயரே 0.2 ஓம் வரை காட்டும் என்பதால் இதற்கு 200 மில்லியாம்பியர் செலுத்தி அளக்கும் கன்டினியூட்டி டெஸ்டர் தேவை.

மறைந்திருக்கும் ஆபத்து இரண்டு. நாளைக்குப் பிளம்பர் வந்து நடுவில் அரை மீட்டர் ஜி.ஐ.யை வெட்டி பிளாஸ்டிக் போட்டால் பாண்டிங் அங்கேயே அறுந்தது; விளக்கு எரியும், தண்ணீர் வரும், யாருக்கும் தெரியாது. இரண்டாவது அதைவிட மோசம். எர்த் ராடு வீட்டில், ஆர்.சி.சி.பி. இல்லாமல், பாண்டிங் மட்டும் செய்தால், மேலே சொன்ன 4.6 ஆம்பியர் கோளாறு வரும்போது கீசரின் 230 வோல்ட் எல்லாக் குழாய்க்கும் பரவி நிற்கும். குழாய்க்கும் குழாய்க்கும் வித்தியாசம் இல்லைதான், ஆனால் நீங்கள் நிற்பது ஈரத்தரையில்.

## 3. பிளாஸ்டிக் குழாய்

சி.பி.வி.சி.யோ வேறு பிளாஸ்டிக்கோ போட்டால் வெளியிலிருந்து வோல்ட்டேஜ் வரும் பாதை பெரும்பாலும் அடைபடும். பாண்டிங் பட்டியல் சுருங்கும், சில வீடுகளில் காலியாகிவிடும். பழுதாகாத, சோதனை தேவைப்படாத ஒரே ஏற்பாடும் இதுதான்.

ஆனால் பைப் பிளாஸ்டிக் என்றாலும் உள்ளே போவது தண்ணீர். 15 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில், மின்கடத்தல் செ.மீ.க்கு 500 மைக்ரோ சீமென்ஸ் உள்ள தண்ணீர் ஒரு மீட்டருக்குச் சுமார் 1,13,000 ஓம் தரும். 230 வோல்ட்டில் 2 மில்லியாம்பியர், பரவாயில்லை. அதுவே 2000 மைக்ரோ சீமென்ஸ் உள்ள உப்புத் தண்ணீர் என்றால் மீட்டருக்கு 28,000 ஓம். கீசருக்கும் ஷவருக்கும் நடுவே அரை மீட்டர்தான் பிளாஸ்டிக் என்றால் 14,000. உடம்பையும் சேர்த்தால் 15 மில்லியாம்பியர். கையை விட முடியாத அளவு. எலிமெண்ட் வெடித்து, கீசரின் எர்த்தும் இல்லாத வீட்டில் பிளாஸ்டிக் பைப்பை நம்புவது தவறு. நீளமாக ஓடும் பிளாஸ்டிக்கும், கனெக்‌ஷன் ஹோஸ் அளவுக்கு ஒரு துண்டும் ஒன்றல்ல. அந்த ஹோஸில் மேலே பின்னிய ஸ்டீல் வலையும் இருக்கும்: கடத்தும் என்றும் நம்ப முடியாது, கடத்தாது என்றும் நம்ப முடியாது.

இன்னொன்று, பைப்பை மாற்றினாலும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, உலோக வடிகால், தரைக்குள் போட்ட ஹீட்டிங் வலை எல்லாம் அங்கேயேதான் இருக்கும். ஹீட்டிங் வலையை எர்த் செய்தே ஆக வேண்டும்.

## 4. மின்சாரத்தைத் தள்ளிவைப்பது, அல்லது 12 வோல்ட்

சர்வதேச மின் தரமான ஐ.இ.சி. 60364-7-701 குளியலறையை மண்டலங்களாகப் பிரிக்கிறது. தொட்டியின் உள்பக்கம் 0. தொட்டிக்கு மேலே 2.25 மீட்டர் உயரம்வரை 1. அதிலிருந்து பக்கவாட்டில் 0.6 மீட்டர் 2. தொட்டியோ தட்டோ இல்லாமல் நேராகத் தரையில் குளிக்கும் ஷவர் என்றால் நீர் வரும் வாயிலிருந்து 1.2 மீட்டர்வரை 1ஆம் மண்டலம், அதில் தரையிலிருந்து 10 செ.மீ. உயரம்வரை 0. 0ஆம் மண்டலத்துக்குள் 12 வோல்ட் ஏ.சி. அல்லது 30 வோல்ட் டி.சி.தான் அனுமதி, டிரான்ஸ்ஃபார்மர் வெளியே இருக்க வேண்டும்.

விளக்கு, கண்ணாடிப் பனி நீக்கி, சிறு ஃபேன் ஆகியவற்றுக்கு 12 வோல்ட் அருமையான வழி. கீசருக்கு வழியே இல்லை: 2 கிலோவாட்டுக்கு 167 ஆம்பியர் வேண்டும். 60 வாட் என்றால்கூட 5 ஆம்பியர், 1.5 சதுர மி.மீ. வயர் பத்து மீட்டர் ஓடினால் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும், பத்தில் ஒரு பங்கு. ஏமாறும் இடம் எல்.இ.டி. டிரைவர். வெளியே 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் உள்ளே மெயினோடு பிரிவு இல்லாத டிரைவர்கள் உண்டு. தனிமைப்படுத்திய பாதுகாப்பு வகை என்று குறிப்பிட்டதை மட்டும் வாங்குங்கள். 12 வோல்ட் பக்கத்தை எர்த்தோடு இணைக்கவும் கூடாது.

## ஒரே பார்வையில்

| | ஆர்.சி.சி.பி. | பாண்டிங் | பிளாஸ்டிக் பைப் | 12 வோல்ட் |
|---|---|---|---|---|
| எதைக் குறைக்கும் | நேரத்தை | வோல்ட்டேஜ் வித்தியாசத்தை | பாதையை | வோல்ட்டேஜை |
| எர்த் இல்லாவிட்டால் | தொட்ட பிறகு வெட்டும் | கோளாறைப் பரப்பலாம் | ஓரளவு | பாதிப்பில்லை |
| வெளியிலிருந்து வரும் வோல்ட்டேஜ் | பார்க்காது | உலோகங்களுக்கு நடுவே சமன் செய்யும் | தடுக்கும் | தொடர்பில்லை |
| பழுது தெரியுமா | பட்டன் பாதியைச் சொல்லும் | தெரியாது | பழுதாக எதுவுமில்லை | விளக்கு அணைந்தால் தெரியும், உள்ளே பிரிவு கெட்டால் தெரியாது |
| வேலை | போர்டில் மட்டும் | சுவர் உடைக்க நேரலாம் | முழுப் புதுப்பிப்பு | டிரான்ஸ்ஃபார்மருக்கு இடம் |

## எந்த வீட்டுக்கு எது

எர்த் ராடை நம்பிய வீடு, பிளாஸ்டிக் பைப், ஒரு கீசர்: ஏ வகை 30 மில்லியாம்பியர் ஆர்.சி.பி.ஓ., கீசருக்கு ஒழுங்கான எர்த் வயர். அவ்வளவுதான். குழாய்க்கும் டவல் ராடுக்கும் வயர் இழுக்க வேண்டாம்.

மண்ணிலிருந்து ஜி.ஐ. பைப் ஏறிவரும் பழைய வீடு: ஆர்.சி.பி.ஓ.வும் வேண்டும், பாண்டிங்கும் வேண்டும். பைப் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதை மெயின் எர்த் டெர்மினலோடு இணைக்கும் மெயின் பாண்டிங் உறுதியாக இருந்து, குளியலறையின் எல்லா சர்க்யூட்டும் ஆர்.சி.சி.பி.க்குக் கீழே வந்து, வெட்டும் நேரமும் சரியாக இருந்தால் குளியலறைக்குள் கூடுதல் பாண்டிங்கைக் கைவிடலாம் என்று பிரிட்டன் வயரிங் விதிகளின் 17ஆம் பதிப்பு 2008இல் அனுமதித்தது. மூன்றும் பொருந்தினால்தான் அந்தச் சலுகை. பழைய வீட்டில் மூன்றும் பொருந்துவது அரிது. இருக்கும் கிளாம்பைக் கழற்ற அவசரப்படாதீர்கள். உங்கள் பகுதியின் விதி கூடுதல் பாண்டிங்கைக் கட்டாயமாக்கினால் அதுவே முடிவு.

பாதி ஜி.ஐ., பாதி பிளாஸ்டிக்: இருப்பதில் மிகவும் சிக்கலானது இதுதான். ஒவ்வொரு உலோகத் துண்டையும் தனித்தனியாக மெகரில் அளந்து, 22,000க்குக் கீழே இருப்பதை மட்டும் இணைக்க வேண்டும்.

நியூட்ரலும் எர்த்தும் ஒரே வயராக வீடுவரை வரும் சப்ளை: அந்த வயர் வெளியே அறுந்தால் எர்த்தோடு இணைந்த உலோகமெல்லாம் சேர்ந்தே ஏறும், ஆர்.சி.சி.பி. அசையாது. தரைக் கம்பியையும் பாண்டிங்கில் சேர்த்தால் காலுக்கும் கைக்கும் நடுவே வித்தியாசம் குறையும். புதிதாகத் தரை போடும்போது மட்டுமே இது சாத்தியம்.

குழாயைத் தொட்டால் இப்போதே லேசாக ஷாக் அடிக்கிறது என்றால் இந்த நான்கில் எதையும் தேர்ந்தெடுக்கும் நேரம் இல்லை. மெயினை அணைத்துவிட்டு, ஈரத்தரைக்கும் குழாய்க்கும் நடுவே எலக்ட்ரீஷியனை மீட்டரால் வோல்ட்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் வோல்ட்டேஜ் இருந்தால் அது வெளியிலிருந்து வருகிறது. குளிப்பதை நிறுத்திவிட்டு மின் சப்ளை தருபவரைக் கூப்பிட வேண்டும். போய்விட்டால் சர்க்யூட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம், கீசரில் ஆரம்பித்து. நியான் டெஸ்டர் மினுக்குவதை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். தொட்டால் தெரியக்கூட முடியாத சிறு மின்னோட்டத்துக்கும் அது எரியும்.